புகழ் மண்டபத்தின் வாயிலில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், ஓர் ஏரிக்கரையை அடுத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் இருக்கிறது. இரண்டாயிரம் பேர்கூட வாழாத ஊர் அது. ஆயினும், பேஸ்பால் ஆட்டத்தின் பெருவீரர்களுக்கென 1939-ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட புகழ் மண்டபத்தைக் காண ஆண்டுதோறும் மக்கள் திரள்திரளாக வருகிறார்கள். மண்டபத்துள் இடம்பெறும் வீரனின் முகம் வெண்கலத் தகட்டில் வார்க்கப்பெற்றுச் சுவரிலே பதிக்கப்படும். அந்தத் தகட்டைக் காட்டிலும் பெரிய பரிசு அவ்வாட்டத்தில் இல்லை.

அங்கே நுழைவது எளிதன்று. ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கழிந்த வீரர்களின் பெயர்கள், பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டுகள் உறுப்பினராயிருந்த பத்திரிகையாளர்முன் வைக்கப்படும். அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் இசைந்தாலன்றி வாயில் திறவாது. பத்து ஆண்டு வாக்கெடுப்புகளிலும் வெற்றி கிட்டாதவரின் பெயர் பட்டியலினின்று நீக்கப்படும். வாக்களிப்போர் வீரனின் ஆட்டத் திறனை மட்டும் நோக்கினால் போதாது; நேர்மையையும், விளையாட்டுப் பண்பையும், ஒழுக்கத்தையும் கருத வேண்டும் என்று விதி கூறுகிறது. இன்று எழுந்துள்ள வழக்கு முழுவதும் இந்த விதியிலிருந்து கிளைத்ததே.

ஊக்கமருந்து உட்கொண்டதாக ஐயுறப்படும் வீரர்களுக்கு அம்மண்டபத்தில் இடமளிக்கலாமா என்பதே வழக்கு.

ஸ்டீராய்டு என்று இங்கே சொல்லப்படுவது, ஆணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைப் போன்று செயற்கையாக ஆக்கப்பட்ட மருந்து. பயிற்சியோடு சேரும்போது அது தசையைப் பெருக்கும். களைப்பை விரைவில் போக்கும். பாய்ந்துவரும் பந்தைக் கணித்து அடிக்கும் கலையை அது கற்றுத்தராது. ஆனால் கலை கைவந்தவன் அடித்த பந்து, எல்லைச் சுவரருகே பிடிபடுவதற்கு மாறாகச் சுவரைத் தாண்டிப் போய் விழக்கூடும். அப்படி விழுவதே பெரும்பாலும் ஹோம் ரன் எனப்படுவது. நம் கிரிக்கெட்டின் சிக்ஸரை ஒத்தது. இதற்கு உடல் கொடுக்கும் விலையோ பெரிது. இதயமும் கல்லீரலும் கேடுறும். வளரும் பருவத்தினர்க்கு எலும்பின் வளர்ச்சி முன்னதாகவே நின்றுவிடும். 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்தபோது, புகழ்பெற்ற வீரர்களோடு, ஊக்கமருந்துப் பழக்கத்துக்குப் பின் உயிர்மாய்த்துக்கொண்ட இளம் ஆட்டக்காரர்களின் பெற்றோரும் வந்து சாட்சி கூறினர். அந்த வீரர்களின் பெயர்களைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்பெற்றோரை நினைப்பவர் சிலரே.

1994-ஆம் ஆண்டு வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆட்டங்கள் பாதியில் நின்றன. ரசிகர்கள் மனம் கசந்து அகன்றனர். 1998-இல் மார்க் மக்வயர், சாமி சோசா என்னும் இருவரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஹோம் ரன்களாகக் குவித்தபோது, அகன்றவர்கள் திரும்பி வந்தனர். ஒரே பருவத்தில் 61 என்று 1961-இல் ராஜர் மாரிஸ் நாட்டிய சாதனையை இருவருமே கடந்தனர். சோசா 66; மக்வயர் 70. மூன்றாண்டுகளில் பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். நாடே கைகொட்டியது. ஸ்டீராய்டு கூடாது என்று 1991-லேயே ஆட்டத்தின் தலைமை ஆணையர் சுற்றறிக்கை விடுத்திருந்தார். எனினும் சோதனை என்று ஒன்று 2003 வரை இல்லை. தண்டனை 2004-இல்தான் வந்தது. மேற்பார்வையாளரே இல்லாத தேர்வுக்கூடத்தில், பார்த்து எழுதலாகாது என்று கரும்பலகையில் எழுதிவைத்த கதைதான்!

தாம் மருந்து உட்கொண்டதாக மக்வயர் 2010-இல் ஒப்புக்கொண்டார். ரஃபேல் பல்மேரோ, நாடாளுமன்றக் குழுவின்முன் விரலை நீட்டித் தாம் ஒருபோதும் உட்கொண்டதில்லை என்றவர், அதே ஆண்டு ஆகஸ்டில் சோதனையில் தோற்றுத் தண்டனை பெற்றார். மேனி ராமிரெஸ், தண்டனை வந்த பின்னரும் சோதனையில் அகப்பட்டவர். இவர்களைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை. விதியும் இருந்தது, சான்றும் இருக்கிறது, தகடு வேண்டாம்.

ஐயம் மட்டுமே உள்ள இடத்தில்தான் அறிவு தடுமாறுகிறது. ஜெஃப் பேக்வெல், மைக் பியாட்ஸா என்னும் இருவரும் சோதனையில் தோற்றதாக ஒரு செய்தியும் இல்லை. 2007 டிசம்பரில் மிட்செல் என்னும் முன்னாள் செனட் உறுப்பினர் வெளியிட்ட அறிக்கையில் எண்பதுக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கண்டிருந்தன. அவற்றுள்ளும் இவ்விருவர் பெயர் இல்லை. தோள்கள் திரண்டிருந்தன, பந்து நெடுந்தூரம் போயிற்று, வாழ்ந்த காலம் அத்தகையது. இவர்கள்மேல் எழுந்த ஐயத்துக்கு இவையெல்லாம் காரணமாயின. வாயிலில் பேக்வெல் 2017 வரையிலும், பியாட்ஸா 2016 வரையிலும் காத்து நின்றார்கள்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், கணக்கில் நடுத்தரமாயிருந்த மாணவன் ஒருவன் ஆண்டுத் தேர்வில் திடீரென முதன்மை பெற்றான். அவன் பார்த்தெழுதியதாக யாரும் கண்டதில்லை. ஆயினும் ஆசிரியர் அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. விசாரித்துக் கொடுக்கலாம் என்று பரிசுப் புத்தகத்தை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன், விசாரிக்கவில்லை. விடுமுறை வந்தது, அவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வேறூர் போய்விட்டான். அவன் குற்றம் செய்தானா என்பதை நான் இன்றும் அறியேன். நன்றாகப் படித்ததையே அவனுக்கு எதிரான சான்றாகக் கொண்டேன் என்பதை மட்டும் அறிவேன்.

பாண்ட்ஸின் நிலை வேறு. 762 ஹோம் ரன்கள். அமெரிக்கப் பெருந்தொடரில் இவ்வெண்ணிக்கையை வேறெவரும் எட்டவில்லை. ஆண்டின் சிறந்த வீரர் என்னும் விருதை ஏழுமுறை பெற்றவர். சான்பிரான்சிஸ்கோ அருகே இயங்கிய பால்கோ என்னும் மருந்துக்கூடம் பற்றிய விசாரணையில், பயிற்சியாளர் தந்த திரவத்தையும் களிம்பையும் பயன்படுத்தியதாகவும், அவை ஊக்கமருந்து என்று தமக்குத் தெரியாது என்றும் 2003-இல் சாட்சியம் அளித்தார். நீதிக்கு இடையூறு செய்ததாக 2011-இல் அவர்மேல் வந்த தீர்ப்பு, 2015-இல் மேல்முறையீட்டில் தள்ளுபடியாயிற்று. பந்தெறிவதில் ஒப்பற்றவரான ராஜர் கிளெமென்ஸ், மிட்செல் அறிக்கையில் பெயர் கண்டவர். பொய்ச்சாட்சி வழக்கில் 2012-இல் விடுதலை பெற்றார். நீதிமன்றம் விடுவித்தவரை மண்டபம் எப்படித் தடுக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். சிறைக்கு அனுப்பச் சான்று போதாமை வேறு. மாலை சூட்டத் தகுதி வேறு. நான் வாக்காளனாயிருந்தால் பாண்ட்ஸுக்கு வாக்களியேன். கிளெமென்ஸ் வகையில் எனக்கே உறுதி குறைவு.

ஆனால் அந்த முடிவை எல்லார்க்கும் ஒப்ப நடத்த வேண்டுமன்றோ? 2022-இல், பத்தாம் முறையாகவும் இறுதியாகவும் நின்ற பாண்ட்ஸுக்கு நூற்றுக்கு 66.0 விழுக்காடு வாக்கே கிடைத்தது; கிளெமென்ஸுக்கு 65.2. அதே நாளில், முதன்முறை நின்ற டேவிட் ஓர்ட்டிஸ் 77.9 பெற்று உள்ளே சென்றார். 2003-ஆம் ஆண்டுச் சோதனைப் பட்டியலில் ஓர்ட்டிஸின் பெயரும் இருந்ததாக 2009-இல் பத்திரிகையில் செய்தி வந்ததுண்டு, அவர் மறுத்தார், அப்பட்டியலில் சில முடிவுகள் உறுதியற்றவை என்று ஆணையரும் பின்னாளில் கூறினார். ஓர்ட்டிஸ் எல்லாரிடமும் இனிமையாகப் பழகுபவர், பாண்ட்ஸ் பத்திரிகையாளரிடம் கடுகடுத்தவர். வாக்குகளில் இதற்கும் பங்கு உண்டென்றே நினைக்கிறேன். இன்னொன்று: ஊக்கமருந்துக் காலம் முழுவதும் ஆட்டத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த பட் செலிக் 2017-இல் மண்டபத்தில் அமர்ந்துவிட்டார். அவருக்குத் தகடு தந்தது ஒரு தனிக்குழு. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

பழையவர்கள் மட்டும் தூயவரோ என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பந்தில் வழுக்குப் பொருள் தடவி எறிந்ததைத் தம் நூலிலேயே எழுதிய கேலார்ட் பெரி, 1991-இல் மண்டபம் புகுந்தார். அத்தவறு கண்டு நடுவர் தடுத்திருக்கலாம்; அன்றைய ஆட்டத்தோடு போயிருக்கும். உடலுக்குள் சென்ற மருந்தை எந்த நடுவர் காண்பார்?

மருந்தின்றி ஆடியவனுக்கு நேர்ந்த நட்டத்தை ஃபிரெட் மக்கிரிஃப் கதையில் காணலாம். இவர்மேல் எவரும் ஐயம் சொன்னதில்லை. 493 ஹோம் ரன்கள் அடித்தவர். ஐந்நூறுக்கு ஏழே குறைவு. எழுபதும் எழுபத்துமூன்றும் கண்டு பழகிய கண்களுக்கு இவருடைய முப்பதுகள் சிறியனவாகத் தோன்றின. எழுத்தாளர்கள் பத்தாண்டுகளும் இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2022 டிசம்பரில் பதினாறு பேர் கொண்ட மறுபரிசீலனைக் குழு கூடியது. பதினாறு பேரும் மக்கிரிஃபுக்கு வாக்களித்தனர். அன்று பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் நான்கு வாக்குகள்கூட இல்லை.

2025 டிசம்பரில் குழு மீண்டும் கூடியபோதும் இருவரும் ஐந்து வாக்குகள் பெறவில்லை. அவ்வளவும் பெறாதவர் பெயர் அடுத்த சுற்றில் வரக்கூடாது என்பது புதிய விதி. ஆகவே 2031-க்கு முன் அவ்விருவர் பெயரையும் குழு எடுத்துக்கொள்ள இயலாது.