உப்புநீர் மீன்தொட்டி: இழப்புக்குப் பின் மீட்பது எப்படி?

அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்கலாம் என்றால் சொஸைட்டியில் ஆயிரம் பேச்சு. மீன் குரைக்காது, மாடிப்படியை அசுத்தம் செய்யாது. ஆகவே மும்பையில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மீன்தொட்டி இருக்கக் காண்கிறோம். கப்பியும் மோலியும் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்தபடியாக ஆசைப்படுவது கடல்மீன். 2003-ல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்த பிள்ளைகள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் ஒரு காரணம்.

முலுண்டில் உள்ள எங்கள் வீட்டில் 2018 முதல் இரண்டடி நீள உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இதை அறிந்த சங்க உறுப்பினர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி, "எப்படி ஆரம்பிப்பது?" என்பதன்று. "மீனெல்லாம் செத்துப்போச்சு சார், தொட்டியைக் கொடுத்துவிடலாமா?" என்பதுதான். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

கடல்நீர் என்பது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 70 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போக, தண்ணீர் 60 லிட்டர்தான். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அப்படியானால் நமக்கு ஆரம்பத்தில் சுமார் 2 கிலோ 100 கிராம் உப்பு தேவை. சமையல் உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம் முதலியவை சேர்ந்த செயற்கைக் கடல் உப்பு என்றே கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

"கடற்கரை ஊரில் இருந்துகொண்டு உப்பைக் காசு கொடுத்து வாங்குவதா?" என்று தூத்துக்குடிக்காரரான என் நண்பர் சிரித்தார். ஆனால் ஜுஹுவிலும் சௌபாத்தியிலும் கரையோர நீரில் நகரத்தின் கழிவும் கலந்திருக்கிறது. அதைக் குடத்தில் மொண்டுவந்து ஊற்றுவது மீனுக்கு நல்லதல்ல.

உப்பைக் கரைக்க ஆர்.ஓ. நீர் நல்லது. வீட்டு இயந்திரங்கள் சிலவற்றில் சுவைக்காகக் குழாய் நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வசதி இருக்கும். அதை மூடிவைத்துப் பிடிக்க வேண்டும். கரைத்த நீரை ஒருநாள் காற்றுக் குழாய் போட்டு ஓடவிட்டு, அதன் ஒப்படர்த்தி 1.023-க்கும் 1.025-க்கும் இடையில் இருக்கிறதா என்று ஹைட்ரோமீட்டரில் பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்கலாம்.

தொட்டி நீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட உப்பில்லாத நல்ல நீரையே ஊற்ற வேண்டும். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை நிரப்பினால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

மீனின் கழிவும், தின்னாமல் விட்ட உணவும் அம்மோனியாவாக மாறும். அது நஞ்சு. மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கேடு செய்யாது, வாரந்தோறும் 10 சதவீத நீரை மாற்றினால் குறைந்துவிடும். நம் தொட்டிக்கு இது 6 லிட்டர் நீர், 210 கிராம் உப்பு. இந்த பாக்டீரியாக்கள் பெருகப் புதுத் தொட்டிக்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது.

நன்னீர்த் தொட்டியைவிட இங்கே ஏன் இத்தனை எச்சரிக்கை? இரண்டு காரணங்கள். கடல்நீரின் பி.எச். அளவு 8.2 அளவில் இருக்கும். பி.எச். 7 உள்ள நீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பங்கு இங்கே பத்து மடங்குக்கும் மேல். இரண்டாவது, உப்புநீரில் ஆக்ஸிஜன் கரைவது குறைவு. 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஏற்கும். கடல்நீர் 7 மில்லிகிராம்கூட ஏற்காது. சூடு ஏற ஏற அதுவும் குறையும்.

ஒரே நாளில் வந்த இழப்பு

2020 அக்டோபர் 12 அன்று காலை பத்து மணியளவில் மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் மின்சாரம் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். ரயில்கள் நின்றன, ஊரடங்குக் காலமாதலால் பிள்ளைகளின் இணைய வகுப்புகளும் நின்றன. எங்கள் பகுதியில் மின்சாரம் திரும்ப மாலையாகிவிட்டது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பைக் காலையிலேயே போட்டுவிட்டோம். ஆனாலும் தொட்டிமேல் காற்று வீசும் சிறு மின்விசிறி இல்லாததால் நீரின் சூடு 31 டிகிரியைத் தாண்டியது. முதலில் இறால் போயிற்று. இரவுக்குள் நீல டாம்சல் மீன். மூன்றாம் நாள் இரண்டு கோமாளி மீன்களில் பெரியது.

மூன்றாம் நாள் சாவைத்தான் கவனிக்க வேண்டும். மின்சாரம் வந்த பிறகு ஏன் மீன் சாக வேண்டும்? நீரோட்டம் நின்ற வடிகட்டிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியாக்களில் ஒரு பங்கு மடிந்தது. இறந்த இறால் கல்லிடுக்கில் அழுகியது. கழிவைச் செரிக்கும் சக்தி குறைந்த நேரத்தில் கழிவு கூடியது, அம்மோனியா ஏறியது. ஆகவே முதல் சாவைவிட அதற்கடுத்த ஒரு வாரமே முக்கியமானது.

முதல் இரண்டு நாள் செய்ய வேண்டியவை

ஒன்று, இறந்தவற்றை உடனே அகற்றுங்கள். தலை எண்ணிக்கை எடுத்து, காணாததைக் கல்லுக்குப் பின்னால் தேடுங்கள்.

இரண்டு, மூடிய பெட்டி வடிகட்டி உள்ளவர்கள், பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே இயக்காதீர்கள். உள்ளே தேங்கிய கெட்ட நீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசி, பிறகு போடுங்கள். குழாய் நீரில் அலசினால் மிஞ்சிய பாக்டீரியாவும் குளோரினால் செத்துவிடும்.

மூன்று, அம்மோனியாவைச் சோதியுங்கள். இருந்தால் 25 முதல் 30 சதவீத நீரை மாற்றுங்கள். புதுநீரின் சூடும் உப்பளவும் பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும். இதற்காகவே 20 லிட்டர் கேன் ஒன்றில் கரைத்த உப்புநீர் எங்கள் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கும்.

நான்கு, ஓரிரு நாள் தீனியை நிறுத்துங்கள். பசியால் மீன் இரண்டு நாளில் சாகாது.

ஐந்து, கடைக்காரர் கொடுக்கிறார் என்று மருந்து ஊற்றாதீர்கள். தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் படிந்துகொண்டு பிறகும் தொல்லை தரும்.

எதனால் செத்தது என்று அறிவது

ஒரே இரவில் பல உயிர்கள் போனால் குற்றம் நீரில்: ஆக்ஸிஜன் குறைவு, அம்மோனியா அல்லது வெளியிலிருந்து வந்த நஞ்சு. அடுக்குமாடிகளில் கரப்பானுக்கும் கொசுவுக்கும் மருந்தடிக்க ஆள் வருவார்கள். அம்மருந்துகளில் பல மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். தொட்டியை ஈரத்துணியால் மூடி, அறைக்காற்றை இழுக்கும் பம்பைச் சிறிது நேரம் நிறுத்துவது அவசியம்.

ஒன்றன்பின் ஒன்றாக, சில நாள் இடைவெளியில், உடம்பில் உப்புத்தூவியதுபோல் வெண்புள்ளிகளோடு, கல்லில் உராய்ந்துகொண்டு இறந்தால் அது ஒட்டுண்ணி நோய். மிஞ்சிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுக்க வேண்டும். முதல் தொட்டியை மீனில்லாமல் விட்டுவைத்தால், உண்ண மீனின்றி ஒட்டுண்ணி அழியும். இதற்கு 76 நாள் என்பது வளர்ப்போரிடையே வழங்கும் கணக்கு.

வாங்கி இரண்டு மூன்று நாளில் புதுமீன் மட்டும் இறந்தால், பிடித்த விதமோ வழிப்பயணமோ நீர் மாற்றமோ காரணமாக இருக்கலாம். கடைத் தொட்டியின் உப்பளவு நம்முடையதைவிடக் குறைவாக இருப்பது உண்டு. ஆகவே மீனை மெதுவாகப் பழக்க வேண்டும்.

மறுபடி குடியேற்றுவது

அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை புது உயிர் எதுவும் வேண்டாம். பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றே. அதையும் 20 லிட்டர்த் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். அறுபது லிட்டர் நீருக்கு இரண்டு கோமாளி மீன்களும் சில நத்தைகளும் போதும்.

கோமாளி மீனில் ஓர் அதிசயம் உண்டு. எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதாக ஓங்கி நிற்பது பெண்ணாக மாறுகிறது. பெண் இறந்தால், அதன் ஜோடியான ஆண் பெண்ணாகிவிடும். எங்கள் தொட்டியில் மிஞ்சிய சிறிய மீனுக்கு அதைவிடச் சிறிய துணை ஒன்றை 2021-ல் சேர்த்தோம். சில நாள் துரத்தல் இருந்தது. பிறகு இரண்டும் ஒரே மூலையில் உறங்கின. தனித்துவிட்ட மீனுக்குத் துணை தேடுவோர் அதைவிடச் சிறியதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முடிந்தவரை தொட்டியில் பிறந்த மீனையே கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்தவை தொட்டி வாழ்வுக்கும் தீனிக்கும் பழகியவை. அவற்றுக்காகக் கடலில் வலை வீச வேண்டியதும் இல்லை.

ஒரு வேண்டுகோள். ராமேஸ்வரம் போய்வரும்போது தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று பவளப்பாறைத் துண்டு எடுத்துவராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறை உயிர்களும் கடற்குதிரையும் 2001-ல் சேர்க்கப்பட்டன. வைத்திருப்பதே குற்றமாகும். துளைகள் உள்ள பீங்கான் கற்களில் பாக்டீரியா நன்றாகவே குடியேறும்.

தேதி, சூடு, ஒப்படர்த்தி, அம்மோனியா, என்ன சேர்த்தோம், என்ன இறந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவாருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. மீன் இறந்ததற்கு அழும் குழந்தைக்கு, ஏன் இறந்தது என்று தேடிப் பார்ப்பது ஓர் ஆறுதல். தொட்டியைக் காலிசெய்து மொட்டைமாடிக்கு அனுப்புமுன் ஒரு மாதம் பம்பை மட்டும் ஓடவிட்டு, அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும்.