மதிப்பெண்ணுக்கு மேலே உள்ள வரிகள்

முதலமடையில் மாங்காய்ப் பருவம் முடிந்து பணம் கைக்கு வரும் வேளையை ஒட்டியே பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வேளையும் வந்துவிடுகிறது. கட்டடக்கலை, பொறியியல், அனிமேஷன் பயில்வோர் பலருக்குக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவைப்படுகிறது. படிப்பை முடிக்க அவசியமெனில், நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் கல்விக் கடனில் சேர்க்க இயலும். அத்தொகையை வட்டியுடன் பல ஆண்டுகள் திருப்பிச் செலுத்த வேண்டும். எனவே, விற்பனையாளர் காட்டும் பெஞ்ச்மார்க் முடிவைப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறோம்.

பலரும் பெரிய எழுத்தில் உள்ள மொத்த மதிப்பெண்ணை மட்டும் காண்கின்றனர். 3டிமார்க் மென்பொருளின் டைம் ஸ்பை சோதனையில் கிராபிக்ஸுக்கும் பிராசஸருக்கும் தனித்தனி மதிப்பெண்கள் உண்டு. கார்டின் திறனை அறியக் கிராபிக்ஸ் மதிப்பெண்ணையே நோக்க வேண்டும். ஒரு சோதனையின் மதிப்பெண்ணை வேறொரு சோதனையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடலாகாது.

அடுத்து, கார்டின் பெயர். பெயர் ஒன்றாயிருப்பினும் உள்ளே இருப்பது வேறாகலாம். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்தது. அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் வந்த கார்டின் வேகமோ 16.8 ஜிபி மட்டுமே. ஆகவே பெயருடன் நினைவகத்தின் வகையையும் காண்பது அவசியம்.

மூன்றாவது, நினைவகத்தின் அளவு. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் ஏறத்தாழ 8 ஜிபியைக் கிராபிக்ஸுக்கான பகிர்வு நினைவகமாகக் காட்டும். அது ரேமின் ஒரு பகுதியே. கார்டில் உள்ள தனி நினைவகம் அன்று. லேப்டாப்களில் பிராசஸருடன் இணைந்த கிராபிக்ஸ், தனிக் கார்டு என இரண்டும் இருப்பதுண்டு. சோதனை எதில் நடந்தது என்பதை முடிவுத் தாளில் உறுதி செய்துகொள்ளவும்.

நான்காவது, மின்திறன். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு அளவுகளில் தயாரிப்பாளர்கள் அமைக்கின்றனர். குறைந்த வாட்டில் இயங்கும் கார்டு, அதே பெயருள்ள மற்றொன்றைவிடக் குறைவான மதிப்பெண்ணே பெறக்கூடும். மேசைக் கணினியின் 4060 கார்டு பெற்ற மதிப்பெண்ணை லேப்டாப்புக்குப் பொருத்திப் பார்ப்பதும் தவறு.

ஆகையால், கடனுக்கு விலைப்புள்ளி பெறும்போதே கார்டின் முழுப்பெயர், நினைவகத்தின் வகை, அளவு, லேப்டாப் எனில் வாட் ஆகியவற்றை அதில் எழுதித் தருமாறு கேட்க வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். இயன்றால், வாங்கவிருக்கும் கணினியையே சார்ஜரில் இணைத்துத் தங்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டச் சொல்லலாம். இறுதிப் பில்லிலும் அதே விவரங்கள் இருப்பின், பின்னர் ஐயம் எழும்போது கையில் சான்று இருக்கும்.