அரைஞாண் சாவியும் ஓ.டி.பி.யும்

வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் வீடு இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் வழங்குகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தில் பணி முடிந்து வந்தவர் வீட்டில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் படை எண், பதவி, பெயர். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., பதக்கங்கள், ரெஜிமென்ட்டில் எடுத்த குழுப்படம். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது. கேட்கும் வழக்கமும் இல்லை.

ஓய்வூதியம் அன்று கருவூலத்தில் கிடைத்தது, சிலருக்கு மணியார்டராக வந்தது, பிறகு வங்கிக்கு மாறியது. குறைந்தபட்சத் தொகை 1986-இல் 375 ரூபாய். 1996-இல் 1,275, 2006-இல் 3,500 என்று ஏறி, 2016 முதல் 9,000 ஆகியிருக்கிறது, அகவிலைப்படி வேறு. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் உழைத்த இருவரில் முன்னால் ஓய்வுபெற்றவருக்குக் குறைவாகக் கொடுக்கும் முறையும், ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ வந்து 2014 ஜூலை 1 முதல் மாறியது. பணத்தைப் பொறுத்தவரை பழைய காலத்தை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை.

மருத்துவமும் அப்படியே. முன்பு ராணுவ மருத்துவமனை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும். 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். தொடங்கிய பிறகு வேலூரிலேயே பாலிக்ளினிக் இருக்கிறது. மருந்து கையிருப்பில் இல்லை என்ற முணுமுணுப்பு அங்கே ஓயாது. ஆனால் முணுமுணுக்க ஓர் இடம் உள்ளூரில் இருப்பதே முன்னேற்றம்தான்.

சிக்கல் எப்போதும் அவர் கண்மூடிய பிறகுதான் தொடங்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெட்டியின் பூட்டைத் திறப்பார்கள், சில வீடுகளில் உடைப்பார்கள். பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் மனைவியின் பெயரே இராது. குடும்ப ஓய்வூதியத்தை எங்கே எழுதிக் கேட்பது? மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவணங்கள் வெலிங்டனில், பொறியாளர் படையான மெட்ராஸ் சப்பர்ஸ் என்றால் பெங்களூரில், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத். எல்லாம் கூடி ஆணை பிறக்க வேண்டிய இடம் அலகாபாத். ஊரில் ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க் ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்தது. எந்தக் கடிதத்தை எந்த அலுவலகத்துக்கு, என்ன ஆங்கிலத்தில் எழுதினால் பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். காசு வாங்கமாட்டார். பதில் வர மாதங்கள் ஆகும். வந்தால், பெயர் பொருந்தவில்லை என்று வரும். ஆள் சேர்ப்பில் எழுதிய வடநாட்டு எழுத்தர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். லட்சுமி அம்மாள் ஆவணத்தில் லக்ஷ்மி தேவி ஆகியிருப்பாள். தான்தான் அந்த தேவி என்று நிரூபிக்காமலே செத்துப்போன கிழவிகள் உண்டு.

இன்று ஸ்பார்ஷ் என்ற இணைய முறை, அலகாபாத் பிரயாக்ராஜ் ஆன பிறகும் அங்கிருந்தே, 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கை நடத்துகிறது. வங்கி இடையில் இல்லை. பழைய பதிவுகளை அதற்குள் ஏற்றியபோது, மனைவியின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாம் ஒத்துப்போகாமல் பலருக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. அப்போது எல்லாரும் திட்டினார்கள். என் கணக்கில், அதுதான் அந்த முறை செய்த பெரிய உபகாரம்: விதவையாகி அலைய வேண்டிய அலைச்சலை, புருஷன் உயிரோடு இருக்கும்போதே, அவர் கையெழுத்துப் போட முடிகிறபோதே, முடித்துக்கொள்ள வைத்தது. தன் பெயர் ஒரு ராணுவ ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பல பெண்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

இன்னொரு மாற்றம் பலருக்கு இன்னும் தெரியாது. ராணுவத்திலிருந்து வந்து அரசு வேலையில் சேர்ந்து அங்கும் ஓய்வூதியம் பெற்றவர் இறந்தால், மனைவி இரண்டு குடும்ப ஓய்வூதியத்தில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றிருந்தது. 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டும் உண்டு.

இழப்பு எங்கே என்றால், சாவி கைமாறியதில். ஸ்பார்ஷைத் திறக்கும் ஓ.டி.பி. பெரும்பாலும் மகனின் எண்ணுக்கு வருகிறது. மகன் பெங்களூரில், அல்லது துபாயில். அவன் எண்ணை மாற்றினால் அப்பாவின் கணக்கு பூட்டிக்கொள்கிறது. சிலருடைய பாஸ்வேர்டு பொது சேவை மையத்துக்காரரின் நோட்டில் இருக்கிறது. ஒரு பிளாட்டூனை நடத்தியவருக்குத் தன் ஓய்வூதியச் சீட்டைப் பார்க்கப் பேரன் ஊருக்கு வரவேண்டும். முன்பு மனைவி அறியாதிருந்தாள். இப்போது அவரும் அறியார்.

நவம்பரும் மாறிவிட்டது. முன்பு உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க எல்லாரும் வங்கிக்கு வந்த மாதம் அது. வரிசையில் நின்றபடியே யார் போய்ச் சேர்ந்தார், எந்த ஆணை புதிதாக வந்தது, யாருக்கு நிலுவைத்தொகை விழுந்தது என்று பேசி முடித்துவிடுவார்கள். 2014-இல் விரல்ரேகை வைத்துச் சான்று எடுக்கும் ஜீவன் பிரமாண் வந்தது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்க மறுத்தது. 2021-இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றானது. படுக்கையில் கிடப்பவருக்கு இது வரம். நடக்க முடிந்தவருக்கோ, சக ஆட்களைப் பார்க்க இருந்த ஒரே சாக்கு போயிற்று.

ஓய்வூதியத்துக்குரிய காலம் நிறையாமல் வெளிவந்தவர்களின் நிலை தனி. 65 வயது கடந்த, ஹவில்தார் பதவி வரையிலானவர்களுக்கு மத்திய படைவீரர் வாரியம் தரும் வறுமை உதவி 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000. அதற்கு விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போகவேண்டும். அங்குள்ள நல அமைப்பாளரைத்தான் இன்றைய ஹவில்தார் கிளார்க் என்று சொல்லலாம். அவர் உட்கார்ந்து எழுதிய திண்ணை போய் மேசை வந்திருக்கிறது, அவ்வளவுதான். மாவட்டம் முழுவதற்கும் அந்த ஒரு மேசை போதாது என்பது வேறு விஷயம்.

அன்றும் செய்யாமல் விட்ட, இன்றும் விடுகிற காரியம் ஒன்று உண்டு. தானாகச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளி மகனோ மகளோ இருந்தால், பெற்றோருக்குப் பிறகு அவருக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அந்தப் பெயரைத் தந்தை இருக்கும்போதே மருத்துவச் சான்றுடன் பதிந்துவைக்கலாம். அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டிலேயே வாய்விட்டுப் பேசாதவர்கள், அதை ஒரு விண்ணப்பத்தில் எழுத இன்னும் தயங்குகிறார்கள்.