முழங்கால் வலியா? மார்பளவு தண்ணீரில் நடக்கலாம்!

உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் அடிக்கடி காணும் காட்சி இது.

விருத்தாசலம் பஸ் வந்து நிற்கிறது. கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. ஒரு மூதாட்டி மட்டும் கம்பியைப் பிடித்தபடி கீழேயே நிற்கிறார்.

"ஏறு ஆயா, நேரமாச்சு" என்கிறார் கண்டக்டர்.

"கால் எழும்ப மாட்டேங்குதே தம்பி" என்கிறார் மூதாட்டி.

பின்னால் நிற்பவர் கை கொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் விசில் சத்தம் கேட்கும்.

இந்த மூதாட்டி ஒருவருக்கு மட்டும் வந்த துன்பம் அல்ல இது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் கடைக்காரர், மாடி ஆபீசுக்குப் படி ஏறும் குமாஸ்தா, அரிவாள்மணை முன் குந்தும் குடும்பத்தலைவி என்று பலரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார்கள். 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 59 கோடியே 50 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அதில் முழங்கால்தான் முதல் இடம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

நட என்றால் வலிக்கிறதே!

முழங்காலில் எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு வழவழப்பானது. அது தேயத் தேய மூட்டில் வலி, வீக்கம், விறைப்பு எல்லாம் வரும்.

வலிக்கிறதே என்று ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தொடைத் தசை மெலியும். உடம்பு எடை கூடும். இரண்டும் சேர்ந்து மூட்டை இன்னும் வாட்டும். அதனால்தான் டாக்டர்கள் "உடற்பயிற்சி செய்" என்கிறார்கள்.

"நடந்தாலே உயிர் போகுது, எப்படிங்க செய்யறது?" என்பதுதான் நோயாளிகள் கேட்கும் கேள்வி.

அதற்கு ஒரு பதில், தண்ணீர்.

கிணற்றுக் குடம் சொல்லும் ரகசியம்

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமே தெரியாது. வெளியே வந்ததும்தான் கயிறு கையை இழுக்கும். தண்ணீர் பொருளை மேலே தாங்குகிறது என்று ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னது இதைத்தான்.

மனித உடம்புக்கும் அதே கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய 30 கிலோதான். மார்பளவு தண்ணீரில் அது சுமார் 20 கிலோ. கழுத்தளவில் 6 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

பாரம் குறைவதால் வலி குறைகிறது. அதே சமயம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடப்பதால் தசைக்கு வேலை கிடைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் விறைப்பும் தளரும்.

பலன் எவ்வளவு?

காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2016-ல் 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 1,190 பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். சராசரியாக 12 வாரம் தண்ணீரில் பயிற்சி செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட வலி 100-க்கு 5 மார்க் அளவு குறைந்திருந்தது. நடமாட்டமும் கொஞ்சம் தேறியது.

பலன் உண்டு. ஆனால் அற்புதம் இல்லை. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளராது. "பத்தே நாளில் முழுக் குணம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

செய்வது எப்படி?

நீந்தத் தெரியாதவர்களும் செய்யலாம். மார்பளவு ஆழமுள்ள நீச்சல் குளம், பக்கத்தில் ஒரு ஆள், பிடித்துக்கொள்ளச் சுவர் ஓரம் அல்லது கம்பி. இவ்வளவு போதும்.

முதல் 5 நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். பிறகு பின்னோக்கி, பக்கவாட்டில். அடுத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நீட்டி உயர்த்துவது, குதிகாலைப் பின்புறம் மடக்குவது, பாதி அளவு குந்தி எழுவது. மொத்தம் 20 முதல் 30 நிமிடம். வாரம் 2 அல்லது 3 நாள்.

பயிற்சி முடிந்து 2 மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாக இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மறுமுறை குறைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் கால் திடீரென்று கனக்கும். ஈரத் தரையில் நிதானம் தேவை.

எச்சரிக்கை!

காய்ச்சல், ஆறாத புண், தோல் தொற்று, வலிப்பு, இருதயக் கோளாறு, அடங்காத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஏரி, கிணற்றில் இறங்குவது ஆபத்து. கோமுகி ஆறும் கல்வராயன் மலை அருவிகளும் இதற்கு ஏற்ற இடம் அல்ல. சேறு, வழுக்குப் பாறை, திடீர்ப் பள்ளம். முழங்காலுக்கு வைத்தியம் தேடி உயிரை விடக் கூடாது.

குளம் இல்லையா?

"ஏழைக்கு ஏதுங்க நீச்சல் குளம்?" என்ற கேள்வி நியாயமானது. கவலை வேண்டாம். தரையில் செய்யும் பயிற்சிக்கும் பலன் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்கலாம். இரண்டு காலுக்கும் பத்துப் பத்து முறை. வாளி வெந்நீரில் காலை வைப்பது இதமாக இருக்கும். ஆனால் அது பயிற்சி ஆகாது.

எடையையும் குறைக்க வேண்டும். உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் 4 கிலோ பாரம் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. எலும்பு மூட்டு டாக்டரிடம் ஒருமுறை காட்டி, எந்தப் பயிற்சி தனக்கு ஏற்றது என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

தண்ணீரோ தரையோ, விடாமல் செய்பவருக்கே பலன். நிறுத்தினால் தசை மறுபடி மெலியும்.

பஸ்சின் முதல் படி உயரம்தான். யார் கையையும் எதிர்பார்க்காமல் அதில் ஏற முடிந்தால், அந்த ஆயாவுக்கு அது பெரிய வெற்றி!