இழை நீக்கிய துணி: பழவேற்காடும் கலபாரியும்

மலாய் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிகட்' என்று பெயர். பெலிகட் என்பது பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபாகும். சென்னைக்கு வடக்கேயுள்ள அவ்வூரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிற்று. சோழமண்டலத் துணியைக் கொடுத்து மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் கொள்வதே அதன் வணிகம். அக்கரையிலிருந்து துணியோடு அடிமைகளும் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர் என்பதை நம் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதே கரையின் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. அங்கே அது அடிமைகளுக்கு விலையாயிற்று. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னர், நைஜர் கழிமுகத்து வணிகம் செம்பனை எண்ணெயை நோக்கித் திரும்பியது. (அச்செம்பனையே 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராயிற்று; நமக்கும் அக்கழிமுகத்துக்கும் உள்ள உறவு துணியோடு நின்றுவிடவில்லை.)

அக்கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத்துணியை 'இன்ஜிரி' என்பர். அதனை அவர்கள் வாங்கியவாறே உடுத்துவதோடு நின்றுவிடவில்லை. பெண்கள் ஊசியாலோ சிறு கத்தி முனையாலோ குறிப்பிட்ட இழைகளை மெல்ல உயர்த்திச் சவர அலகால் அறுத்து உருவி எடுப்பர். பெரும்பாலும் நீக்கப்படுவன வெளிர்நிற இழைகளே. எஞ்சும் அடர்நிற இழைகள் வலைபோல் நின்று, நெய்தவர் எண்ணாத புதிய கோலமொன்றைக் காட்டும். இழையை இடையிடையே அறுத்தெடுத்த துணி 'பெலெடே பிடே' எனப்படும். முழு நீள இழையை உருவியது 'ஃபிமாடே பிடே'. சாயமோ நூலோ புதிதாக எதுவும் சேர்வதில்லை. கழித்தலே இங்குப் படைப்பு.

ஜோன் ஐக்கர், டோன்யே எரெகொசிமா ஆகிய ஆய்வாளர்கள் 1981இல் இதனைப் பண்பாட்டு வழித் தன்மயமாக்கல் என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினர். அயற்பொருள் பெயரும் பயனும் வடிவமும் மாறித் தமக்கே உரியதாகிவிடுகிறது என்பது அதன் சாரம். விளக்கம் ஏற்புடையதே, எனினும் அது உடுத்துவோரைப் பேசுமளவுக்கு நெய்தோரைப் பேசவில்லை என்பது என் கருத்து.

இன்று வடிவமைப்புத் துறையினர் இத்தகைய மரபுகளை 'நிலைத்தகு அணிகலை' என வரவேற்கின்றனர். இதில் சற்று நிதானம் வேண்டும். இழை நீக்கிய துணி வலுவிழக்கிறது. சிக்கனம் அதன் நோக்கமன்று. அதனை நெடுங்காலம் வாழவைப்பது குடும்பத் துணிப்பெட்டியே. முன்னோர் துணிகள் அப்பெட்டியில் பேணப்பட்டு, இறப்புச் சடங்கின்போது கட்டில்மேல் அணிசெய்யப் பயன்படுகின்றன. மேலும், 'பொதுவான காலனிய வரலாறு' என்னும்போது நெசவாளர், அடிமையாக விற்கப்பட்டவர், இடைநின்று விற்ற வணிகர் ஆகியோர் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். கலபாரித் தலைவர்களும் அவ்வணிகத்தில் பொருளீட்டியவர்களே.

வகுப்பில் ஒருமுறை பழைய பெலிகட் கைலியொன்றைக் கொடுத்து இழை உருவச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கட்டங்கள்கூட முடியவில்லை. துணி இரண்டிடத்தில் கிழிந்தது. எந்த இழையை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே கடினம் என்றார் ஒரு மாணவி. பின்னர்க் கைலியின் கரையைப் புரட்டி, இது எந்த ஊரில் நெய்தது என்று கேட்டார்.