வீட்டுச் செலவு: அன்றைய விலையும் இன்றைய கணக்கும்

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கடைக்கு வந்தால் ஏதாவதொரு பழைய விலையைச் சொல்லாமல் போவதில்லை. "பாண் மூன்றரை ரூபாய் என்ற காலம் எங்கே, இப்போது எங்கே" என்பார் ஒருவர். 1994 பொதுத் தேர்தலில் அந்த மூன்றரை ரூபாய்ப் பாண் மேடைக்கு மேடை பேசப்பட்டதால் பலருக்கும் அது மறக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில்லறைக் கடை நடத்தும் நாமும் வாடிக்கையாளரோடு சேர்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கடை நடக்காது. விலையை ஒப்பிட வேண்டிய முறை வேறு. கடையின் முதல் நிற்கிறதா, கரைகிறதா என்பதும் அந்தக் கணக்கில்தான் தெரியவரும்.

முதலில், அந்தக் காலத்து மலிவு எங்கிருந்து வந்தது? 1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதம். அரசாங்கம் கூடிய விலைக்கு வாங்கி நட்டத்துக்குக் கொடுத்த விலை அது. தாங்க முடியாமல் அவ்வருடம் ஜூலையில் அதை 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியைத் துறந்தார். 45 சதத்தின் கனம் அப்படி! ஆக, அன்று வீட்டுக்காரர் கொடுத்தது விலையின் ஒரு பங்கைத்தான்; மீதியைத் திறைசேரி கொடுத்தது.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் கதை இன்னொரு விதம். கட்டுப்பாட்டு விலை குறைவுதான், ஆனால் சாமான் இல்லை. பாணுக்கு விடியுமுன் வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோவதற்குக் கூடத் தடை. வரிசையில் போன நேரத்தை யாரும் கொப்பியில் செலவாக எழுதவில்லை. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, 1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதன்பின் கடையில் சாமான் நிறைந்தது, விலையும் ஏறத் தொடங்கியது. 1977 நவம்பரில் ஏறத்தாழ 16 ரூபாயாக இருந்த டொலர், 200 ரூபாயாவதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்தது மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்ட இரண்டரை மாதம்கூட எடுக்கவில்லை. பருப்பும் கோதுமை மாவும் பால்மாவும் டொலரில் வருகின்ற நாட்டில் இதன் பொருள் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விலையைச் சதத்திலும் ரூபாயிலும் ஒப்பிடுவதை விட நாட்கூலியில் ஒப்பிடுவது சரியான முறை என்பது எனது கருத்து. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் அது 1,000 ரூபாயாக்கப்பட்டது. அப்போது 400 கிராம் இறக்குமதிப் பால்மா பக்கெட் 380 ரூபாய். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டரைப் பக்கெட்டுக்கு மேல் வாங்கலாம். 2021 ஒக்டோபரில் 480, டிசம்பரில் 540, 2022 மார்ச்சில் 790. சம்பளமோ அதே ஆயிரம். அதே உழைப்புக்கு ஒரு பக்கெட்டும் கொஞ்சமும்தான். லிட்ரோ 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் கொழும்பு விலை 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாய், அதாவது ஒன்றரை நாள் கூலி. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய், கிட்டத்தட்ட ஐந்து நாள் கூலி. மலைநாட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கவில்லை, தட்டில் மிஞ்சிக் கிடந்த பால்மாவில் பார்த்தார்கள்.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது, ஆனால் சத்தமில்லாமல் நடந்தது. எனது வாப்பாவின் காலத்துக் கடன் கொப்பியில் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைப் பார்த்தால் அரிசி, செத்தல் மிளகாய், தேங்காய் எண்ணெய், சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று ஒரு பக்கத்தில் வீடு முழுவதும் அடங்கிவிடும். இன்று ஒரு வீட்டின் மாதச் செலவில் பாதிகூட நமது கொப்பிக்கு வருவதில்லை. மின்சாரம், தொலைபேசி ரீலோட், பிள்ளைகளின் டியூஷன், ஸ்கூல் வேன், முச்சக்கர வண்டியின் லீசிங் எல்லாம் வேறு இடங்களுக்குப் போகின்றன. 1952ஐ அடிப்படையாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவின் பங்கு ஏறத்தாழ 62 வீதம். 2021ஐ அடிப்படையாகக் கொண்ட சுட்டெண்ணில் அது ஏறத்தாழ 26 வீதம். முன்னையது கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களை மட்டும் வைத்துச் செய்தது என்பதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாதுதான். இருந்தாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

இதில் வியாபாரிக்கு என்ன? லீசிங் தவணை தவறினால் வண்டியைத் தூக்குவார்கள், மின்கட்டணம் தவறினால் வயரை வெட்டுவார்கள். ஆகவே கை இறுகும்போது வீட்டில் முதலில் குறைவது சாப்பாடு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்டது. பின்னர் 2024இலும் 2025 ஜனவரியிலும் ஓரளவு குறைத்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கியவர் கால் கிலோவுக்கு வந்தார், பால்மா பக்கெட்டைக் கேட்டவர் சிறிய சஷேயைக் கேட்டார். ஆட்கள் குறையவில்லை, நிறைதான் குறைந்தது.

முதல் கரைவது பற்றிச் சொன்னேன். எரிவாயுவையே உதாரணமாக வைப்போம். 2021இல் 30,000 ரூபாய் முதலில் 20 சிலிண்டர் வைத்திருந்த ஒருவர், விற்ற காசைப் பத்திரமாக வைத்திருந்து 2022 ஏப்ரலில் திரும்ப வாங்கப் போனால் ஆறு சிலிண்டர்தான் கிடைக்கும். காசு குறையவில்லை, ஒருவரும் களவெடுக்கவில்லை, பதினான்கு சிலிண்டரைக் காணோம். "வாங்கிய விலைக்கு மேல் இத்தனை ரூபாய் லாபம்" என்று கணக்கெழுதுகிறவர்கள், அதே சரக்கைப் புறக்கோட்டையில் நாளைக்கு என்ன விலைக்குத் திரும்ப எடுக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். லாபம் என்று வீட்டுக்கு எடுத்துப்போன காசு, பல கடைகளில் உண்மையில் முதலாகவே இருந்தது. சரக்கை ஒளித்துவைத்து விலையேற்றுவதற்கு இது சாட்டு அல்ல. அது வேறு வியாபாரம்.

"பணவீக்கம் குறைந்ததாம், ஏன் உங்களுடைய விலை குறையவில்லை?" என்று வாடிக்கையாளர் கேட்பதும் நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கியது 170 ரூபாய். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது என்றால், ஏறிய விலை ஒரு துளி இறங்கியது என்றுதான் அர்த்தமே தவிர, 170 மீண்டும் 100 ஆனது என்பதல்ல. ஏறுவது நின்றது, அவ்வளவுதான்.

கடைசியாகக் கடன் கொப்பி. விலை நிலையாக இருந்த வாப்பாவின் காலத்தில் மூன்று மாதம் கழித்து வந்த கடன் காசுக்கும் அதே சரக்கு கிடைத்தது. விலை ஏறுகின்ற காலத்தில் பிந்தி வருகின்ற ஒவ்வொரு ரூபாயும் மெலிந்துதான் வருகிறது. கொடுத்த கடனுக்கு மேலதிகமாக ஒரு சதமும் எடுப்பதில்லை என்பது நமது கடைகளில் பரம்பரையாக உள்ள வழக்கம், அதை மாற்றுகின்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நமது கையில் இருப்பது தவணை மட்டும்தான். கடனை நிறுத்தினால் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. எங்கள் கடையில் இப்போது மாதச் சம்பளக்காரருக்குச் சம்பள நாள் வரை, நாட்கூலிக்காரருக்குச் சனிக்கிழமை வரை. பழைய பாக்கி தீராமல் புதிய பக்கம் திறப்பதில்லை. அரிசி, பருப்பு, சீனி, மா மட்டும் கடனுக்கு. பால்மாவும் எரிவாயுவும் கைக்காசுக்குத்தான்.