பார்வையற்ற கணக்கரும் கணினிப் பூட்டும்



திருவதிகையில் எங்கள் மண்டியில் கணக்கு பார்க்கும் தம்பிக்குக் கண்பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் 'திரை வாசிப்பான்' என்ற மென்பொருளைக் கொண்டு பில் போடுகிறார், இருப்புப் பார்க்கிறார். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் அந்த மென்பொருளுக்கு விலை கிடையாது, தமிழும் படிக்கும்.

அவருக்கு இடைஞ்சல் கணக்கில் இல்லை, கணினியின் வாசற்படியில்தான். கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, 'இதை அப்படியே அடிக்கவும்' என்று பல தளங்கள் கேட்கின்றன. இதற்குக் 'கேப்ச்சா' என்று பெயர். உள்ளே வருவது மனிதனா, கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் இயந்திரமா என்று அறியவே இந்த ஏற்பாடு. ஆனால் அந்தப் படத்தைத் திரை வாசிப்பான் படிக்க இயலாது. திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

இதற்காக நான் ஒரு தவறு செய்தேன். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கடையில் எல்லோரிடமும் கொடுத்தேன். ஒருநாள் யாரோ தவறான லாரி எண்ணைப் போட்டு இ-வே பில் எடுத்துவிட்டார்கள். பழி தம்பிமேல் விழுந்தது. அவரோ அன்று விடுப்பு! லாரி புறப்படுமுன் திருத்திவிட்டோம். அவர் மனம் நொந்ததைத் திருத்த நாளாயிற்று.

1.4.2025 முதல் இ-வே பில் தளத்தில் எல்லா வணிகர்களுக்கும் கடவுச்சொல்லுடன் ஓ.டி.பி.யும் கட்டாயம். ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. ஊழியருக்கு அவர் பெயரிலேயே துணைப் பயனர் கணக்கு, அவர் செல்பேசி எண்ணுடன் ஏற்படுத்துங்கள். யார் செய்த வேலை என்பது தெளிவாகும்.

2. கடவுச்சொல்லை அடிக்கும்போது திரை வாசிப்பான் 'ஸ்டார்' என்றுதான் சொல்லும். ஆனால் செல்பேசி ஓ.டி.பி.யை உரக்கப் படித்துவிடும். கடையில் நிற்பவர் காதிலும் விழும். ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.

3. கேப்ச்சா அருகே ஒலிபெருக்கிப் படம் இருந்தால், அதை அழுத்தினால் எண்கள் குரலாக வரும். இல்லாத தளத்தாருக்கு எழுதிக் கேளுங்கள்.

கேட்பது சலுகையல்ல. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கே.ஒய்.சி. முறையை எதிர்த்து ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்றவரும் தொடுத்த வழக்குகளில், 30.4.2025 அன்று உச்ச நீதிமன்றம் 20 உத்தரவுகள் பிறப்பித்தது. பர்திவாலா, மகாதேவன் ஆகிய நீதிபதிகள், கணினிவழிச் சேவை பெறுவதும் அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றனர்.

கல்லாச் சாவியை நம்பிக் கொடுத்த கையில், கணினிச் சாவியையும் முறைப்படி கொடுப்போம்.